பூச்சோங் குன்றில் மோதிய 747: 2400 அடி 400 ஆனது எப்படி

1989 பிப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை தாண்டியிருந்தாலும் இன்னும் இருட்டுதான். சிங்கப்பூர் சாங்கியிலிருந்து கோலாலம்பூருக்குப் பக்கத்து சுபாங் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் 66ஆம் எண் சரக்கு விமானம், ஒரு போயிங் 747, பூச்சோங் பக்கம் ஒரு குன்றில் மோதிச் சிதறியது. சரக்கு விமானம் என்பதால் பயணிகள் யாரும் இல்லை. தலைமை விமானி, துணை விமானி, ஃப்ளைட் எஞ்சினியர், கூட வந்த மெக்கானிக் என்று உள்ளே இருந்த நாலு பேரும் போய்விட்டார்கள். கிளம்பி அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. எஞ்சினில் கோளாறு இல்லை, இறக்கையில் கோளாறு இல்லை, எரிபொருளுக்கும் குறைவில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு விமானத்தை, ஓட்டத் தெரிந்தவர்களே கொண்டுபோய் மலையில் மோதியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்துப் பூச்சோங் இப்போது நாம் பார்க்கிற டோல், மால், கொண்டோ பூச்சோங் இல்லை. தோட்டமும் குன்றும் காடுமாக இருந்த இடம்.

நான் இருப்பது பத்தாங் பெர்ஜுந்தையில். அரசாங்கப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி வருஷங்கள் ஆகியும் ஊரில் பாதிப் பேருக்கு அது பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை, நடுவில் ஒரு கடைத்தெரு, தலைக்கு மேலே இறங்கும் விமானங்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் விமானப் பயிற்சிக்குச் சேர வேண்டும் என்று படித்துக்கொண்டிருக்கிறான். அவன் ஒரு நாள் ஒட்டுக்கடையில் இந்த விபத்தை ஒரே வரியில் முடித்துவிட்டான்: "மாமா, டூ ஃபோர் ஸீரோ ஸீரோன்னு சொன்னதை டு ஃபோர் ஸீரோ ஸீரோன்னு கேட்டுட்டாங்க, அவ்வளவுதானே?" கூட இருந்த பெரியவர் ஒருவர், "அப்போ காது சரியில்லாதவன் பிளேன் ஓட்டுனா இப்படித்தான்" என்று சிரித்தார். ஆங்கிலத்தில் டூ என்றால் இரண்டு, டு என்றால் 'அதற்கு' என்ற உருபு, காதுக்கு இரண்டும் ஒன்று. உலகம் முழுக்க இந்த விபத்தை இப்படித்தான் சொல்கிறார்கள், பயிற்சி வகுப்புகள் உட்பட. எனக்கு இது பாதிக்கதையாகத்தான் தெரிகிறது. காது செய்த தப்பு இதில் ஆகச் சின்ன பங்கு.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். தரையிலிருந்து விமானங்களுக்குக் கட்டளை தரும் சுபாங் கண்ட்ரோலர் சொன்னது, "டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ", கூடவே 33ஆம் ஓடுதளத்துக்கு என்.டி.பி. முறையில், அதாவது தரையில் உள்ள ரேடியோ கம்பத்தின் திசையைப் பிடித்து, இறங்க அனுமதி. அவர் மனதில் இருந்த எண் 2400 அடி. விமானி அதை 400 அடிக்கு இறங்கு என்று எடுத்துக்கொண்டார். அவர் திருப்பிச் சொன்னது, "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ."

இந்தப் பதில் வந்த இடத்திலேயே நின்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். வானொலியில் வாங்கிய கட்டளையை விமானி திருப்பிச் சொல்வது மரியாதைக்காக இல்லை. சொன்னவர் அதைக் கேட்டுத் தான் சொன்னதுதானா என்று சரிபார்க்க வேண்டும், அதற்குத்தான் அந்த ஏற்பாடே. தோட்டத்தில் காலையில் பெரட்டு எடுத்து ஆள் கணக்குப் பார்க்கும்போது மண்டோர் என்ற மேஸ்திரி நிரை நம்பர் சொல்ல, ஆள் வெறும் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வேறு நிரைக்குப் போய் நிற்பது உண்டு, அங்கே போனால் அரை நாள் கூலியோடு போகும். இங்கே விமானி வெறும் சரி என்று கூடச் சொல்லவில்லை, தான் என்ன தப்பாகப் புரிந்துகொண்டாரோ அதை அப்படியே வெளியே சொல்லியிருக்கிறார். 2400 என்ற எண்ணின் முதல் இலக்கம் அந்தப் பதிலில் இல்லை. கண்ட்ரோலர் அதைத் திருத்தவில்லை. நாம் சொன்னதையே எதிர்பார்த்துக்கொண்டு கேட்டால் காதுக்கு அதுதான் கேட்கும். இரண்டு பக்கமும் அதே நோய்தான்.

சரி, காது ஏமாந்தது, கண்ட்ரோலரும் விட்டுவிட்டார். அப்புறம்? 400 அடி என்பது கடல்மட்டத்திலிருந்து. சுபாங் ஓடுதளமே கடல்மட்டத்துக்குச் சுமார் 90 அடி மேலே இருக்கிறது. அப்படியானால் ஓடுதளம் இன்னும் பல மைல் தள்ளி இருக்கும்போது, இருட்டில், குன்றுகள் உள்ள ஊருக்கு மேல், ஒரு ஜம்போவைத் தரையிலிருந்து முந்நூறு சொச்சம் அடிக்கு இறங்கச் சொல்கிறார் கண்ட்ரோலர் என்று இவர்கள் நம்பியிருக்கிறார்கள். உலகத்தில் எந்த கண்ட்ரோலரும் அப்படி ஒரு கட்டளை தர மாட்டார். இறங்கும் முறைக்கென்று அச்சடித்த வரைபடத் தாள் இருக்கிறது, எந்த இடம் வரை எத்தனை அடிக்குக் கீழே போகக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். அந்தப் பகுதிக்கு அதில் இருந்த எண் 2400. கண்ட்ரோலர் அந்த எண்ணைத் தன் விருப்பத்துக்குத் தேர்ந்தெடுக்கவில்லை, தாளில் உள்ளதைத்தான் சொன்னார். தாளை ஒருமுறை பார்த்திருந்தால் 400 என்ற எண் அங்கேயே செத்திருக்கும்.

பார்க்காததற்குக் காரணம் கறுப்புப் பெட்டியின் குரல் பதிவில் இருக்கிறது, அதுதான் என் கண்ணில் இந்த விபத்தின் உண்மையான கதை. எந்த முறையில் இறங்கப் போகிறோம் என்பதே விமானி அறைக்குள் முடிவாகவில்லை. 33ஆம் ஓடுதளத்தின் ஐ.எல்.எஸ். என்ற வழிகாட்டும் கருவி வேலை செய்யவில்லை என்று முன்பே அறிவித்திருந்தார்கள். அப்படியும் தலைமை விமானி கடைசி நேரம் வரை அதைப் பற்றிப் பேசுகிறார். விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் துணை விமானி. அவருக்கு என்.டி.பி. முறையில் இறங்க மனமில்லை, எதிர்த்திசையில் 15ஆம் ஓடுதளத்துக்கு ஐ.எல்.எஸ். பிடித்து இறங்கலாமே என்று அவருக்கு ஆசை. எந்த ரேடியோவில் எந்த அலைவரிசை வைப்பது என்றுகூட வாக்குவாதம். இறங்குவதற்கு முன் உட்கார்ந்து, இந்த முறை, இந்த உயரம், இதற்குக் கீழே போனால் நீ சொல்லு என்று பேசிக்கொள்ள வேண்டிய முன்பேச்சு நடக்கவே இல்லை. அரை மணி நேரப் பயணத்தில் எங்கே நேரம் என்று கேட்கலாம். நேரம் குறைவு என்றால்தான் அந்தப் பேச்சைக் கிளம்பும் முன்பே முடித்து வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஐ.எல்.எஸ்., என்.டி.பி. வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் துணை விமானியின் தயக்கம் புரியாது. ஐ.எல்.எஸ். இரண்டு கதிர் அனுப்பும். ஒன்று இடம் வலம் காட்டும், மற்றது மேலே கீழே காட்டும். சரியான சரிவில் இறங்குகிறாயா என்று முள்ளே சொல்லிவிடும். என்.டி.பி. என்பது தரையில் இருக்கும் ஒரு ரேடியோ கம்பம், அவ்வளவுதான். கம்பம் எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டும் காட்டும். உயரம் முழுக்க விமானியின் பொறுப்பு, தாளைப் பார்த்து, உயரமானியைப் பார்த்து, படிப்படியாக இறங்க வேண்டும். தப்பான படியில் கால் வைத்தால் தடுக்க ஆள் இல்லை. 1992 செப்டம்பரில் காட்மாண்டுவில் பாகிஸ்தான் விமானம் ஒன்று இதே போன்ற படிகளில் ஒவ்வொரு படியையும் ஒரு படி முன்னதாகவே இறங்கி மலையில் மோதியது, 167 பேர் இறந்தார்கள். அங்கே மொழிக்குழப்பம் எதுவும் கிடையாது.

கடைசிக் காவல் ஒன்று மிச்சமிருந்தது. தரை நெருங்கினால் கத்தும் எச்சரிக்கைக் கருவி, ஜி.பி.டபிள்யூ.எஸ். அது கத்தியது, ஒரு முறை இல்லை, பல முறை. யாரும் விமானத்தை மேலே இழுக்கவில்லை. இதைப் படிக்கும்போது எல்லோருக்கும் கோபம்தான் வரும், எனக்கும் வந்தது. ஆனால் அந்தக் காலத்துக் கருவியைப் பற்றித் தெரிந்துகொண்டால் கோபம் கொஞ்சம் இறங்கும். அது நேர் கீழே உள்ள தரையைத்தான் அளக்கும், முன்னால் வரும் மலை அதற்குத் தெரியாது. தேவையில்லாத நேரத்திலும் கத்தும். பொய்யாகக் கத்திப் பழகிய கருவியை மனிதன் நம்பாமல் போவது உலக வழக்கம். நாம் 400 அடிக்குத்தானே இறங்குகிறோம், தரை பக்கத்தில் வரத்தானே செய்யும் என்று மனது ஒரு சமாதானமும் சொல்லியிருக்கும் (இது என் ஊகம்). இந்த விபத்துக்குப் பிறகு இருட்டிலோ மேகத்திலோ அது கத்தினால் விவாதமே கூடாது, உடனே முழு விசையில் மேலே இழு, காரணத்தை அப்புறம் தேடு என்பது பயிற்சியில் கட்டாயமானது. பின்னால் டான் பேட்மன் என்ற எஞ்சினியரின் குழு, முழு உலகத்தின் மலை மேடு வரைபடத்தையும் கருவிக்குள்ளேயே ஏற்றி, முன்னால் இருப்பதைச் சொல்லும் புதிய வகையைக் கொண்டுவந்தது. கீழே பார்க்கும் பழைய கருவியை உருவாக்கியதும் அவர்தான்.

இனி எங்கள் பக்கத்துக் கதை. பூச்சோங் விபத்தை விட எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நினைவில் நிற்பது 1977 செப்டம்பர் 27. ஜப்பான் ஏர்லைன்ஸின் 715ஆம் விமானம், டி.சி.8 ரகம், தோக்கியோவிலிருந்து ஹாங்காங் வழியாக வந்து, சுபாங்கில் இறங்க வேண்டியது எல்மினா தோட்டத்துக் குன்றில் மோதியது. 79 பேரில் 34 பேர் இறந்தார்கள். ரப்பர்த் தோட்டத்துக்குள் விழுந்த விமானம் என்பதால் அந்த வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களில் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் எல்மினாவிலேயே சின்ன ஜெட் ஒன்று சாலையில் விழுந்து பத்துப் பேர் இறந்தபோது, "மறுபடியும் அங்கேயேவா?" என்று ஒட்டுக்கடையில் எல்லோரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசினார்கள். மண்ணில் ஏதோ இருக்கிறது என்று கூட ஒருவர் ஆரம்பித்தார். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. 2023இல் நடந்தது உயரத் தப்பு இல்லை, பறக்கும்போது விரியக் கூடாத இறக்கைத் தடுப்பு விரிந்துவிட்டது.

1977இல் நடந்தது சுத்தமான உயரத் தப்பு. வானிலை மோசம், ஓடுதளம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஓடுதளம் தெரியாத வரை 750 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது அங்கே விதி. விமானம் அதையும் தாண்டி இறங்கி, ஓடுதளத்துக்கு நாலு மைல் முன்னால், சுமார் 300 அடி உயரத்தில் குன்றில் மோதியது. 750 என்ற எண்ணை யாரும் தப்பாகக் கேட்கவில்லை, அது தாளில் இருந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் விளக்கு தெரிந்துவிடும் என்ற நப்பாசைதான் இந்த வகை விபத்துகளின் வேர். ஆறு வருஷம் கழித்து, 1983 டிசம்பர் 18, அதே சுபாங், மலேசிய ஏர்லைன்ஸின் ஏ300 கனமழையில் ஓடுதளத்துக்குச் சுமார் 2 கிலோமீட்டர் முன்னால் விழுந்தது. அதிலும் ஓடுதளம் தெரியாமலே குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தார்கள். விமானம் எரிந்து போனது, 247 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். 12 வருஷத்துக்குள் ஒரே விமான நிலையம், மூன்று விமானம், மூன்றும் இருக்க வேண்டிய உயரத்துக்குக் கீழே. மூன்றில் ஒன்றில்தான் ஆங்கிலச் சொல் குழப்பம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு நான் இதைத்தான் சொன்னேன். அவன் உடனே, "அப்போ ரேடியோவில் எப்படிப் பேசணும்னு இவ்வளவு விதி எதுக்கு மாமா?" என்றான்.

விதி தேவைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. இப்போது உயரத்தை மொட்டை எண்ணாகச் சொல்லக் கூடாது. ஆல்டிடியூட் என்ற சொல் முன்னால் வரும், டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் என்று ஆயிரமும் நூறும் பிரித்து வரும், அடி என்பது பின்னால் வரும். இப்படிச் சொன்னால் 400 ஆக வாய்ப்பே இல்லை. அமெரிக்காவில் விமானிகள் தங்கள் தப்புகளைத் தண்டனை பயமில்லாமல் எழுதி அனுப்ப 1976 முதல் நாசா நடத்தும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதில் வந்த உயரக் குழப்பங்களில் 10000, 11000 ஜோடி பெயர் பெற்றது. ஒன் ஸீரோ, ஒன் ஒன். இருபது முறை அதே அலைவரிசையில் கேட்டுச் சலித்த காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எண் சரியாகக் காதில் விழுந்தாலும் கை தப்பலாம். 1992 ஜனவரி 20, பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துக்கு இறங்கிய ஏர் இன்டர் 148, அப்போது புத்தம் புதிய ரகமான ஏ320. சரிவு 3.3 டிகிரி வைக்க நினைத்த விமானி, அதே திருகு வேறு நிலையில் இருந்ததைக் கவனிக்காமல் நிமிடத்துக்கு 3300 அடி இறங்கு என்று வைத்துவிட்டார் என்பதுதான் விசாரணையில் ஆக நம்பத்தக்க விளக்கமாக நின்றது. ஒரே திருகு, ஒரே சின்னத் திரை, ஒன்றில் 3.3, மற்றதில் 33. நடுவில் ஒரு புள்ளி. 96 பேரில் 87 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தில் தரை எச்சரிக்கைக் கருவியே பொருத்தவில்லை. பின்னால் ஏர்பஸ் திரையை மாற்றி நாலு இலக்கமும் தெரியும்படி செய்தது.

இன்னொன்று தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் நினைவிருக்கும். 1996 நவம்பர் 12, டெல்லிக்கு இறங்கி வந்த கசகஸ்தான் இல்யூஷினுக்கு 15000 அடியில் நில் என்று கட்டளை, எதிரே 14000இல் சவுதி ஜம்போ. இல்யூஷின் 15000இல் நிற்கவில்லை. சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே இரண்டும் மோதி 349 உயிர் போனது. அந்த விமானத்தில் கண்ட்ரோலருடன் பேசியவர் தனியாக ஒரு ரேடியோ ஆள், அவர் முன்னால் உயரமானி கிடையாது, விமானிகளின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டளை வாங்கும் வாயும் அதை நிறைவேற்றும் கையும் வேறு வேறு ஆளிடம்.

இவ்வளவு சொன்ன பிறகும், திருப்பிச் சொல்வதை ஒழுங்காகச் செய்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு 2022 மே 23 பாரிஸ் ஒன்றே போதும். ஸ்டாக்ஹோமிலிருந்து சார்ல்ஸ் டி கால் நிலையத்துக்கு இறங்கிய ஒரு ஏ320. மழை, மேகம், ஐ.எல்.எஸ். பழுது பார்ப்பில் இருந்ததால் செயற்கைக்கோள் வழிகாட்ட, உயரத்தை மட்டும் காற்றழுத்தத்தைக் கொண்டு கணக்குப் போட்டு இறங்கும் முறை. உயரமானி என்பது அடிப்படையில் காற்றழுத்தமானிதான், அன்றைக்கு அந்த ஊரில் கடல்மட்ட அழுத்தம் என்ன என்று கண்ட்ரோலர் சொல்லும் எண்ணை அதில் திருகி வைத்தால்தான் அது சரியான உயரம் காட்டும். ஒரு அலகு தப்பினால் சுமார் 28 அடி தப்பும். அன்றைக்கு உண்மையான எண் 1001. கண்ட்ரோலர் சொன்னது 1011. விமானி மிக ஒழுங்காக 1011 என்று திருப்பிச் சொன்னார். பாடப்புத்தகப்படி எல்லாம் சரி.

விமானம் தான் நினைத்ததை விட 280 அடி கீழே வந்துகொண்டிருந்தது, விமானி அறையின் கருவிகள் எல்லாம் அழகாக, சரியான சரிவில் வருகிறாய் என்று காட்டிக்கொண்டிருந்தன. அதே நேரம் அதே கண்ட்ரோலர் ஏர் பிரான்ஸ் விமானத்துக்கு ஃபிரெஞ்சில் 1001 என்று சரியாகச் சொல்லியிருக்கிறார். இன்னொரு நிறுவனத்தின் விமானத்துக்கும் 1011 என்றுதான் சொன்னார், அதன் விமானிகள் தாங்களே முன்கூட்டிக் கேட்டு வைத்திருந்த வானிலைப் பதிவிலிருந்து 1001 என்று திருப்பிச் சொல்ல, வித்தியாசத்தை அவர் கவனிக்கவில்லை. ஓடுதளத்துக்கு இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போது விமானம் தரையிலிருந்து 6 அடி உயரத்தில் இருந்தது. ஆறே அடி, ஆள் உயரம். விமானத்துக்குள் எந்த எச்சரிக்கையும் ஒலிக்கவில்லை. கோபுரத்தில் ஒலித்தது, கண்ட்ரோலர் கூப்பிட்டும் சொன்னார், ஆனால் அவர்களைக் காப்பாற்றியது அதுகூட இல்லை. தங்கள் கணக்கில் குறைந்தபட்ச உயரம் வந்துவிட்டது, ஓடுதளம் தெரியவில்லை, அதனால் விதிப்படி மேலே கிளம்பிவிட்டார்கள். 1977இல் எல்மினாவில் எந்த விதியை மீறினார்களோ அதே விதி.

பூச்சோங்கில் திருப்பிச் சொன்னது தப்பு, பாரிஸில் திருப்பிச் சொன்னது சரி, இரண்டிலும் தப்பான எண்தான் விமானத்தை ஓட்டியது. இரண்டு இடத்திலும் சரியான எண் விமானி அறைக்குள்ளேயே வேறொரு மூலையில் இருந்தது. அங்கே வரைபடத் தாளில் 2400, இங்கே குறித்து வைத்திருந்த வானிலைப் பதிவில் 1001. காதில் விழுந்த எண்ணை அதோடு ஒருமுறை ஒட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பையன் பயிற்சிக்குப் போனால், இரண்டாவது சாட்சி இல்லாத எண்ணை உயரமானியில் வைக்காதே என்று சொல்லி அனுப்புவேன், ரேடியோ ஆங்கிலத்தை அவர்களே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

பாரிஸ் விமானம் ஒரு வட்டம் அடித்து இரண்டாவது முறையும் இறங்க வந்தது. அப்போதும் உயரமானியில் அதே 1011. தாங்கள் என்ன ஆபத்தில் இருந்தோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. இந்த முறை மேகம் கொஞ்சம் விலகியிருந்தது, ஓடுதளத்து விளக்குகள் தெரிந்தன, பக்கத்தில் இருக்கும் சரிவு விளக்குகள் நீ ரொம்பக் கீழே வருகிறாய் என்று காட்டின. சரிசெய்துகொண்டு இறங்கிவிட்டார்கள்.